சொல்லும் மேலெழுகையும்: பாவனைப் பறப்பின் உரையாடல் பற்றிய ஒரு திறனாய்வு

திறனாய்வு அச்சேறிய நூல்களுக்கே உரியதென்னும் எண்ணம் எம்மிடையே இன்னும் வலுவாகவே இருந்து வருகின்றது. கவிதை, நாவல், நாடகம் என்பவற்றைத் தாண்டினால் திரைப்படம். அதற்கப்பால் நாம் செல்வதில்லை. ஆயின் கணினித் திரையின் முன்னே இளைஞர் பலர் நாள்தோறும் ஈடுபடும் உரையாடல்களும் யாரோ எழுதியவையே. எழுதப்பட்டவை யாவும் ஆராயப்படத் தக்கவை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அவற்றுள் மிகச் சிறியதொரு கூறு: பாவனைப் பறப்பிலே, ஓடுபாதையின் விளிம்பில் நிற்கும் விமானி, தான் எழப்போவதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு எவ்வாறு தெரிவிக்கின்றான் என்பது.

சென்ற விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து இணுவிலுக்கு வந்திருந்த உறவுப் பையனொருவன் இவ்விடயத்தை எமக்கு அறிமுகஞ் செய்துவைத்தான். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு ஒரு பறப்பை அவன் தெரிந்தெடுத்திருந்தான். இணுவிலிலிருந்து சில மைல் வடக்கே கிடக்கும் பலாலி, இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையினரால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பறப்பு இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தினூடாகவே சென்னைக்குச் சென்றது. பின்னர் போர்க்காலத்தில் அவ்வோடுபாதையிலிருந்து எழுந்த இரைச்சல் எங்கள் ஊருக்கு வேறொரு பொருளை உணர்த்தியது. அப்போது எழப்போகின்றவர் தமது எண்ணத்தை எங்களுக்கு அறிவிக்கவில்லை. ஒலியைக்கொண்டு நாமே ஊகித்தோம். 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. பையனுக்கு இவ்வரலாறு தெரியாது. தெரியவேண்டுமென்று நாமும் வற்புறுத்தவில்லை.

திரையில் ஒரு சிறு பட்டியல் தோன்றியது. அதில் இலக்கமிடப்பட்ட சில வாக்கியங்கள். வடக்கே செல்வதற்கு மேலெழ அனுமதி கோருதல், தெற்கே செல்வதற்குக் கோருதல், நிலையத்தைச் சுற்றிவரும் பாதையிலேயே நின்றுகொள்வதற்குக் கோருதல் என்றவாறு அவை அமைந்திருந்தன. பையன் ஒரு விசையை அழுத்தினான். அவனுக்காக ஒரு குரல் பேசியது. மறுகணமே இன்னொரு குரல் அனுமதி வழங்கியது. பட்டியல் மாறி, ‘ஏற்றுக்கொள்க’ என்னும் ஒரேயொரு தெரிவு வந்தது. அதையும் அவன் அழுத்த, பெற்ற அனுமதியை முதற் குரல் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தது. கவனிக்கத்தக்கது யாதெனில், இவை நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. ‘அனுமதி வரமுன்னரே ஓடுகின்றாயே’ என்று கேட்டபோது, ‘அது எப்படியும் தரும் மாமா’ என்றான்.

‘எப்படியும் தரும்’ என்ற அச்சொற்றொடரே இக்கட்டுரைக்குக் காரணம்.

மைக்கிரோசொஃப்ட் நிறுவனத்தின் பறப்புப் பாவனை 1982 இல் வெளிவந்தது. எனினும் விமானி கேட்கவும் கட்டுப்பாட்டாளர் விடையளிக்கவும் வாய்ப்பான உரையாடல் அமைப்பு 2001 இல் வந்த பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. அவ்வமைப்பிற் பாராட்டத்தக்க அம்சம் ஒன்றுண்டு. விமானியின் எண்ணம் என்பது ‘எழுதல்’ என்ற ஒற்றைச் செயலன்று, எழுந்தபின் எத்திசை நோக்கிச் செல்வது என்பதும் அதனுள் அடங்கும் என்பதை அது கற்பிக்கின்றது. கண்ணாற் பார்த்துப் பறக்கும் சிறுவிமானி தனது திசையைச் சொல்லாவிடின், அவனுக்கு முன்னும் பின்னும் பறப்போரைக் கட்டுப்பாட்டாளர் ஒழுங்குபடுத்த முடியாது. எங்கே என்ற வினாவுக்குரிய விடையைப் பாவனைப் பறப்பு திருத்தமாகச் சொல்லித்தருகின்றது. எப்போது என்ற வினாவிலேதான் அது வழுவுகின்றது. அவ்வழுவின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கு மெய்யான பறப்பொன்றின் வரலாற்றுக்குச் செல்லுதல் வேண்டும்.

1977 மார்ச் 27. கனேரியத் தீவுகளுள் ஒன்றான தெனெரீஃபேயின் லொஸ் ரொடேயொஸ் விமான நிலையம். அயல் தீவின் நிலையத்திற் குண்டொன்று வெடித்தமையால் விமானங்கள் பல இங்கு திருப்பிவிடப்பட்டிருந்தன. ஓடுபாதைக்குச் செல்லும் பக்கப்பாதை விமானங்களால் நிரம்பியிருந்தது. எனவே ஓடுபாதையிலேயே ஊர்ந்துசென்று அதன் எல்லையில் திரும்பிநிற்க வேண்டியிருந்தது. ஒல்லாந்து நாட்டின் கே.எல்.எம். நிறுவன விமானம் அவ்வாறு திரும்பி நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் விமானம் அதன் பின்னே அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் போயிங் 747. மூடுபனியால் ஒன்றையொன்று காணவில்லை. கோபுரமும் இரண்டையுங் காணவில்லை. தரையிலுள்ள விமானங்களைக் காட்டும் ராடார் அங்கு இருக்கவில்லை. ஆகவே நடப்பது யாதென்பதை மூன்று தரப்பினரும் சொற்களைக்கொண்டே அறியவேண்டியிருந்தது.

ஒல்லாந்துத் துணை விமானி, தாம் எழுவதற்கு ஆயத்தமென்றும் பயண வழிக்கான அனுமதியை எதிர்பார்த்து நிற்பதாகவும் கோபுரத்துக்குச் சொன்னார். ஒரே மூச்சில் இரண்டு வேண்டுகோள்கள். கோபுரம் கொடுத்ததோ ஒன்று: எழுந்தபின் எவ்வழியே எவ்வுயரத்திற் செல்லவேண்டும் என்பது. எழுவதற்கான அனுமதி அதிலில்லை. ஆயின் ‘டேக் ஓஃப்’ என்ற சொல் அதனுள் இருந்தது. எழுந்தபின் வலப்புறம் திரும்புக என்னும் தொடரின் பகுதியாக இருந்தது. துணை விமானி அதனை ஒப்புவித்துக்கொண்டிருக்கும்போதே தலைமை விமானி தடையை விடுவித்தார். ஒப்புவிப்பின் முடிவில் துணை விமானி ஒரு சிறு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டார். இப்பொழுது நாம் மேலெழுகையில் இருக்கின்றோம் என்று அதனைத் தமிழிற் பெயர்க்கலாம். எழுவதற்குரிய இடத்தில் நிற்கின்றோம் என்று கோபுரத்திலிருந்த ஸ்பானியர் பொருள்கொண்டார். சரியென்று சொல்லி, எழுவதற்குக் காத்திருங்கள், அழைக்கின்றேன் என்று தொடர்ந்தார். அதே கணத்தில், தாம் இன்னும் ஓடுபாதையிலேயே ஊர்ந்துகொண்டிருப்பதாகப் பான் ஆம் விமானி அறிவித்தார். இரு குரல்களும் ஓரலைவரிசையில் மோதின. ஒல்லாந்து விமானியர் கேட்டது ‘சரி’ என்ற முதற்சொல்லையும், அதன்பின் ஏறத்தாழ 4 செக்கன் நீடித்த ஒரு கீச்சொலியையுமே. 583 பேர் உயிரிழந்தனர். எஞ்சியோர் 61 பேர். ஒல்லாந்து விமானத்தில் ஒருவரும் தப்பவில்லை.

‘மேலெழுகையில் இருக்கின்றோம்’ என்ற வாக்கியத்தின் மயக்கம் எங்கிருந்து வந்தது? மொழியியலார் சிலர் இதற்கொரு விளக்கம் தருவர். ஒருவன் ஒன்றைச் செய்துகொண்டிருப்பதை, ‘அச்செயலில் இருக்கின்றான்’ என வேற்றுமைப்பொருளுடைய இடைச்சொல்லைச் சேர்த்துச் சொல்வது ஒல்லாந்த மொழியின் வழக்கு. துணை விமானி ஆங்கிலச் சொற்களைக்கொண்டு தனது தாய்மொழியின் இலக்கணத்திற் பேசியிருக்கலாம். அவருக்கு அது நிகழ்கால வினை, கேட்டவருக்கு இடப்பெயர்.

இது ஒல்லாந்தருக்கு மட்டும் உரிய குறைபாடன்று. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் ‘வெளிக்கிடுதல்’ என்றொரு வினை உண்டு. உடுத்து ஆயத்தமாவதும் வெளிக்கிடுதலே, படலையைக் கடந்து புறப்படுவதும் வெளிக்கிடுதலே. ‘அவை வெளிக்கிட்டிட்டினம்’ என்று தொலைபேசியிற் சொன்னால், விருந்தினர் இன்னும் கண்ணாடியின் முன்னே நிற்கின்றனரா, மருதனார்மடச் சந்தியைக் கடந்துவிட்டனரா என்பது கேட்பவருக்குத் தெளிவாகாது. கலியாண வீட்டிற் சோறு ஆறுவதோடு இம்மயக்கத்தின் தீங்கு முடிந்துவிடும். ஓடுபாதையில் அவ்வாறன்று.

தொல்காப்பியர் இதனை மிக நுணுக்கமாக அறிந்திருந்தார். எதிர்காலத்தில் நிகழவிருப்பதையும் இப்போது நிகழ்வதையும் விரைவு கருதி இறந்தகாலத்தாற் சொல்லும் வழக்கை வினையியலில் அவர் வகுத்துரைக்கின்றார். உரையாசிரியர் காட்டும் சூழல் எமது வீடுகளில் இன்றும் நிகழ்வதே. போகவேண்டிய அவசரத்தில் ஒருவன் நிற்க, உண்ணாதவனும் உண்டுகொண்டிருப்பவனும் ஆகிய இருவருமே உண்டாயிற்றென்றும் வந்தாயிற்றென்றும் விடைபகர்வர். (பாவனைப் பறப்பில் ஆழ்ந்திருந்த எமது பையனும் அம்மம்மா சாப்பிட அழைத்த ஒவ்வொரு முறையும் ‘வந்திட்டன்’ என்றே சொன்னான், வந்தது நான்காம் அழைப்பில்.) இங்கு இலக்கணகாரர் காலவழுவைப் பொருட்படுத்தாது அமைதி கூறுவதற்குக் காரணம், பேசுவோரும் கேட்போரும் ஒரே சூழலில் நின்று ஒருவரையொருவர் காண்பதே. காட்சி இல்லாத இடத்தில் அவ்வமைதி செல்லாது. தெனெரீஃபேயில் விரைவு இருந்தது: பணிநேர வரம்பு பற்றிய ஒல்லாந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டிருந்தமையால், அன்றே புறப்படாவிடின் இரவு தங்கவேண்டி வருமென்ற நெருக்கம். விரைவுப் பொருளில் வந்த வினை விரைவை அறியாத ஒருவர் செவியில் விழுந்தது.

ஆயின் விபத்தை மொழிமயக்கமாக மட்டும் விளக்குவோருடன் எம்மால் உடன்பட முடியவில்லை. மொழியைச் சமூக உறவிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்வோர் எப்பொழுதும் தவறவிடும் ஒன்று இங்கும் உண்டு. தலைமை விமானி யாக்கோப் வெல்டுயிசென் வான் சான்டன் அந்நிறுவனத்தின் போயிங் 747 பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்தவர். துணை விமானிக்கு அவ்விமானத்திற்கான தகுதிச் சோதனையை நடத்தியவரும் அவரே. முதன்முறை அவர் எந்திரத்தின் வேகத்தைக் கூட்டியபோது, இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். இரண்டாம் முறை அவ்வாறு நினைவூட்டவில்லை. மாறாக, மயக்கமான அவ்வாக்கியத்தை வானொலியிற் சொன்னார். விமானம் ஓடத் தொடங்கிய பின்னர், மற்ற விமானம் இன்னும் விலகவில்லையா என்று பறப்புப் பொறியியலாளர் கேட்டார்; விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது; அவர் மேலும் பேசவில்லை. அந்த வாக்கியத்தை ஆசிரியனைத் திருத்தத் தயங்கும் மாணவனின் வாக்கியமாகவே நாம் வாசிக்கின்றோம். ஓடிக்கொண்டிருக்கின்றோம் என்று கோபுரத்துக்கும் தெரியவேண்டும், தலைவரைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகக்கூடாது. எமது அலுவலகங்களில் மேலதிகாரி முன்னிலையில் எழுதப்படும் குறிப்புக்களின் நடையை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இனி, பாவனைப் பறப்பு இவ்விடத்தில் நேரடியாகவே தொடர்புறுகின்றது. ஸ்பானிய விசாரணை அறிக்கை ஒரு செய்தியைக் குறிப்பிட்டது. வான் சான்டன் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பயிற்றுநராயிருந்தவர். பயிற்சிக்கான பாவனைப் பொறியிற் கட்டுப்பாட்டாளரின் பாத்திரத்தைப் பயிற்றுநரே ஏற்பார். எழுவதற்கான அனுமதியைத் தாமே வழங்குவார். பல சந்தர்ப்பங்களில் வானொலி உரையாடலே இராது. அனுமதி என்ற பேச்சின்றியே விமானம் எழும். இதனை விபத்தின் தனிக் காரணமென்று எவருங் கொள்ளவில்லை, கொள்ளவும் முடியாது. எனினும் கேட்பவனும் கொடுப்பவனும் ஒருவனேயாகிய ஓர் உலகில் நெடுங்காலம் வாழ்ந்தவனுக்கு, அனுமதி என்பது எப்படியும் வந்துசேரும் ஒன்றாகத் தோன்றுதல் இயல்பே.

இணுவிலிற் பையன் சொன்னதும் அதுவே என்பதை வாசகர் உணர்ந்திருப்பர்.

தெனெரீஃபேக்குப் பின்னர் வானொலி மரபு திருத்தப்பட்டது. ‘டேக் ஓஃப்’ என்ற சொல்லை, எழ அனுமதி கொடுக்கும்போதும் கொடுத்த அனுமதியை இரத்துச் செய்யும்போதும் அன்றி வேறெங்கும் ஆளலாகாது என விதிக்கப்பட்டது. மற்றெல்லா இடங்களிலும் ‘டிப்பார்ச்சர்’, அதாவது புறப்பாடு, என்றே சொல்லவேண்டும். ஆயத்தமான விமானி, புறப்பாட்டுக்கு ஆயத்தம் என்பார். ஓடுபாதையில் ஏறி நிற்கவேண்டுமாயின், வரிசையில் ஏறிக் காத்திருக்குமாறு கோபுரம் சொல்லும். அமெரிக்கர் இதற்கு வேறொரு தொடரை ஆண்டுவந்து, 2010 செப்டெம்பர் 30 இலேயே உலக வழக்குக்கு வந்தனர். பெற்ற அனுமதி சொல்லுக்குச் சொல் மீளொப்புவிக்கப்படவேண்டும். வெறும் ‘சரி’ போதாது. மீளொப்புவிப்பைக் கட்டுப்பாட்டாளர் செவிமடுத்துத் திருத்தவும் வேண்டும். இணுவிலிலே தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குதல் எளிது. இருவர் தனி வாசிக்கும்போது ஒருவர் விட்ட சொற்கட்டை மற்றவர் அப்படியே திருப்பி வாசித்தாலன்றி அடுத்த கணக்குக்குச் செல்ல முடியாது. முதல்வரின் செவி அப்போது ஓய்ந்திருப்பதுமில்லை.

இந்த மரபை அளவுகோலாகக் கொண்டு பாவனைப் பறப்பை நோக்குமிடத்து, அதன் குறைகள் மூன்று மட்டத்திற் புலப்படுகின்றன. முதலாவது சொல்லாட்சி. விலக்கப்பட்ட சொல்லைக் கோரிக்கைப் பட்டியலிலேயே வைத்திருப்பது சிறு பிழை, எளிதில் திருத்தத்தக்கது. அடுத்தது, மீளொப்புவிப்பைப் பொறியே செய்துகொள்வது. அது ஒருபோதும் பிழைவிடாது. பிழைவிட முடியாத ஒப்புவிப்பு ஒப்புவிப்பன்று. கேட்டதைச் சரிபார்க்கும் தொழிலை அது செய்வதில்லை. 2020 இல் வெளிவந்த பதிப்பில் வானொலி உரையாடல் முழுவதையும் கற்பனைத் துணை விமானியிடம் ஒப்படைத்துவிடவும் வசதி உண்டு. தெனெரீஃபேயில் துன்பத்துக்குரியவனாக நின்ற அத்துணை விமானி இங்கு குரலற்ற பணியாளனாக மாற்றப்பட்டுவிட்டான். அவன் எதையும் நினைவூட்டுவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அவ்வுலகில் மறுப்பு அரிதாயிருத்தல். குரல்கள் மோதுவதில்லை, கட்டுப்பாட்டாளர் களைத்திருப்பதில்லை, அவருடைய ஆங்கிலம் எவருடைய தாய்மொழியின் சாயலையும் சுமப்பதில்லை. நாடகம் பற்றிப் பேசுவோர் முரண் இல்லாத இடத்தில் நாடகம் இல்லை என்பர். முரண் இல்லாத இடத்தில் உரையாடலும் இல்லையென்றே கொள்ளவேண்டும். பட்டியலில் உள்ளவை வாக்கியங்கள். அவற்றைக் கூற்றுக்கள் ஆக்கும் மறுதலை அங்கில்லை.

இதற்கு மாற்று பொறியைச் செய்தவர்களிடமிருந்து வரவில்லை, பயன்படுத்துவோரிடமிருந்தே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2001 இல் தொடங்கிய வற்சிம் என்னும் வலையமைப்பில், கட்டுப்பாட்டாளராகப் பணிபுரிவோர் ஊதியமின்றிப் பயின்று வரும் மனிதர். தத்தம் வீட்டிலிருந்து பாவனைப் பறப்பில் ஈடுபடும் விமானியர் அவர்களோடு மெய்யாகவே பேசவேண்டும். பையனை இதிற் சேருமாறு தூண்டினோம். முதல் நாள் ஆயத்தமென்று அறிவித்ததும், நிற்கும்படி பதில் வந்தது. இறங்கவிருந்த வேறொருவருக்காக அவன் ஓடுபாதைக்கு வெளியே நின்றான். ஒப்புவித்தலில் ஓடுபாதையின் இலக்கத்தை விட்டுவிட்டான். திரும்பச் சொல்லுமாறு கேட்கப்பட்டான். அவனுக்கு வியர்த்ததை நாம் கண்டோம். பட்டியலின் முன்னே அவன் ஒருபோதும் வியர்த்ததில்லை.

ஆங்கிலம் பற்றியும் ஒரு சொல். கோபுரத்துடன் தமிழிற் பேசமுடியாதா என்று முற்போக்கு எண்ணமுடைய நண்பரொருவர் கேட்டார். அவர் கேள்வியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. பயணிகளுக்குரிய அறிவிப்பும் பெயர்ப்பலகையும் தமிழில் இருத்தல் உரிமை சார்ந்தது. ஆனால் வானலையிற் பேசப்படுவது ஆங்கிலேயரின் ஆங்கிலமுமன்று. ஐந்தும் ஒன்பதும் செவியில் மயங்காதிருப்பதற்காக அவற்றின் உச்சரிப்பையே மாற்றிக்கொண்ட ஒரு தொழில்மொழி அது. அதை எவரும் தாய்ப்பாலோடு பருகவில்லை. யாவரும் கற்றே ஆகவேண்டும். 1996 நவம்பர் 12 இல் டில்லிக்கு அண்மையிலுள்ள சர்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கசாக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மடிந்தபோது, கசாக் விமானியர் ஆங்கில உரையாடலைச் சரிவர விளங்கிக்கொள்ளாமை முக்கிய பிரச்சினையாக எழுந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் மொழித்தகுதி விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அவ்விதியிலும் ஒரு சாய்வு உண்டென்பது எமது கருத்து. கற்றுத் தேறியவர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் அளவுக்கு, பிறப்பால் ஆங்கிலம் பேசுவோர் தமது கொச்சையையும் வேகத்தையும் அடக்கிக்கொள்கின்றனரா என்பதைச் சோதிப்பதில் அது அக்கறை காட்டுவதில்லை.

தமிழில் நாம் செய்யக்கூடிய பணி வேறொன்று உண்டு. விமானம் பற்றிய எமது எழுத்தில் ‘புறப்பட்டது’ என்ற ஒரே சொல் மூன்று நிகழ்வுகளுக்கு வழங்குகின்றது: வாயிலை விட்டு நகர்தல், ஓடுபாதையில் ஓடத் தொடங்குதல், நிலத்தை விட்டு எழுதல். கோயில் வழக்கிற்கூட நாம் இவ்வளவு அசட்டையாக இல்லை. சுவாமி எழுந்தருளுதல் வேறு, வெளிவீதிக்குப் புறப்படுதல் வேறு. மஞ்சம் இழுப்பவர்களுக்கு அவ்வேறுபாடு தெரியும், சில்லுக்கு முட்டுக் கொடுப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆகையால் ‘டிப்பார்ச்சர்’ என்பதற்குப் புறப்பாடு என்பதையும், ‘டேக் ஓஃப்’ என்பதற்கு மேலெழுகை என்பதையும் நிலையான கலைச்சொற்களாக வரையறுத்து, ஒன்றின் இடத்தில் மற்றதை ஆளாதிருத்தல் வேண்டும். தமிழ் மாணவருக்கான பாவனைப் பறப்புக் கைந்நூலொன்று எழுதப்படுமாயின், அதன் முதற் பாடம் இவ்விரு சொற்களாகவும், முதற் பயிற்சி, ஆயத்தமென்று அறிவித்த மாணவனை ஆசிரியர் காரணங் கூறாது சில நிமிடங்கள் நிறுத்திவைப்பதாகவும் அமையலாம்.